‘செட்’ என்னும் சொல்லும் எண்ணிக்கை மயக்கமும்

ஆங்கிலத்தின் வளத்திற்குச் சான்றாகப் பலரும் எடுத்துக்காட்டும் சிறுசொல் ‘செட்’. ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு (1989) இச்சொல்லின் வினைவடிவிற்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள்களைத் தருகிறது. இவ்வெண்ணிக்கையைக் கொண்டு இருவகை முடிவுகள் முன்வைக்கப்படுகின்றன. ஒரு சொல்லில் இத்தனை பொருளை அடக்கும் ஆற்றல் தமிழுக்கு இல்லை என்பர் ஒரு சாரார். ஒவ்வொரு பொருளுக்கும் தனிச்சொல் உடைய தமிழே வளமானது, ஆங்கிலம் வறியது என்பர் மறுசாரார். இவ்விரு முடிவுகளும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

430 என்பது மொழியின் அளவன்று. அகராதியாளர் பகுத்த பகுப்பின் அளவு. அதே அகராதியின் திருத்தப் பணியில், ‘ரன்’ என்னும் வினைக்கு 645 பொருள்கள் வகுக்கப்பட்ட செய்தி 2011இல் வெளிவந்தது. 1989க்கும் 2011க்கும் இடையில் ஆங்கிலேயர் திடீரென்று அச்சொல்லை மிகுதியாக ஆளத் தொடங்கிவிடவில்லை. தொகுத்த சான்றுகள் பெருகின; பகுப்பு நுண்மையாயிற்று.

‘ஒரு சொல்’ என்பதும் ஆராயத்தக்கதே. வினையாகிய ‘செட்’, அமர்தலைக் குறிக்கும் ‘சிட்’ என்பதன் பிறவினை. தமிழில் இரு–இருத்து, அமர்–அமர்த்து என வருவதை ஒத்த உறவு இது. தொகுதி என்னும் பொருள் தரும் பெயர்ச்சொல்லிலோ, இலத்தீன் வழிப் பழம்பிரெஞ்சிலிருந்து வந்த வேறொரு சொல்லும் கலந்துள்ளது. வேறு வேறு ஊற்றுகளின் நீர் ஓர் ஒலிவடிவில் கலந்திருக்க, அதனை ஒற்றைச் சொல்லின் அதிசயம் எனப் போற்றுவது ஆய்வாகாது.

பல்பொருள் ஒருசொல் தமிழ் இலக்கணத்திற்குப் புதியதன்று. தொல்காப்பியக் கிளவியாக்கம் இத்தகைய சொற்களை எடுத்துக்கொண்டு, வினை, இனம், சார்பு ஆகியவற்றால் பொருள் தெளியும் என்கிறது. ‘மா பூத்தது’ எனின் மரம். ‘மா கனைத்தது’ எனின் குதிரை. உரியியல் ‘கடி’ என்னும் ஒரு சொல்லுக்கே காப்பு, கூர்மை, புதுமை, விரைவு, அச்சம் முதலான பல பொருள்களைக் கூறுகிறது. திவாகரமும் சூடாமணி நிகண்டும் ஒருசொல் பல்பொருளுக்குத் தனித் தொகுதியே வகுத்தன. தமிழர் நாவில் வழங்கும் ‘செட்’டுக்கும் இவ்விதி பொருந்தும். பம்புசெட், பல்செட், பூரி செட், சினிமா செட் என்பவற்றை எவரும் மயங்குவதில்லை. உடன்வரும் இனம் பொருளைத் தெளிவிக்கிறது.

‘படு’ என்னும் தமிழ் வினையை நோக்குக. ஞாயிறு படுகிறது, வலையில் மீன் படுகிறது, கை படுகிறது, கண்படுதல் உறக்கமாகிறது, மனம் துன்பப்படுகிறது, ‘எழுதப்பட்டது’ என்பதில் அது செயப்பாட்டுவினையின் உறுப்பு, ‘படுமோசம்’ என்பதில் மிகுதிப்பொருள். ஆங்கிலேயர் ஞாயிறு ‘செட்’ ஆவதாகக் கூறும் இடத்தில் தமிழர் அது ‘பட்டது’ என்றனர். இச்சொல்லின் பொருள்களை எண்ணி வியந்தவர் இல்லை என்பதால் தமிழ் வறுமையுற்றுவிடவில்லை.

எண்ணிக்கை மயக்கத்தைவிடக் கேடு தருவது, ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு எங்கும் ஒரே தமிழ் நிகரன் வேண்டும் என்னும் பிடிவாதம். கணிதத்தில் ‘செட்’ தமிழகப் பாடநூல்களில் ‘கணம்’. இலங்கைப் பாடநூல்களில் ‘தொடை’. சிமெண்ட்டுக்கு அது இறுகுதல், தயிருக்கு உறைதல், ஞாயிற்றுக்கு மறைதல். அறிவியலுக்குச் சொல்வரையறை வேண்டாவோ எனின், வேண்டும். ஆனால் அவ்வரையறை ஒரு துறையில் ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பதே. சொல்லுக்குச் சொல் என்பதன்று. ‘கணம்’ நொடியையும் குறிக்கும். ‘தொடை’ யாப்பில் மோனை எதுகைகளையும் குறிக்கும். அதனால் எந்த மாணவனும் கணக்கில் தவறியதில்லை. நிகரன் பட்டியலை மனப்பாடம் செய்து மொழிபெயர்க்கப் பழகும் மாணவனோ தொடரை விட்டுச் சொல்லைப் பெயர்க்கிறான், பொருள் கெடுகிறது.

ஆங்கிலத்திடம் பொறாமை கொள்ளத்தக்கது 430 என்னும் எண் அன்று; அதன் பின்னுள்ள உழைப்பு. 1857இல் எழுந்த திட்டத்தின் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. முதற்பதிப்பு 1928இல்தான் நிறைவுற்றது. ஒவ்வொரு பொருளும் ஆண்டு குறித்த மேற்கோள்களுடன் வரிசைப்படுத்தப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924–1936) இலக்கியச் சான்று தந்தது. ஆண்டு வரிசை தரவில்லை. 1992இல் வந்த க்ரியாவின் அகராதி தற்கால வழக்கை மட்டும் எல்லையாகக் கொண்டது. வரலாற்று முறை முயற்சிகள் இல்லாமல் இல்லை. எனினும் சங்கப் பாடலிலிருந்து கல்வெட்டு, உரை, அச்சுநூல், நாளிதழ், வட்டார வழக்கு வரை ‘படு’ நடந்துவந்த வழி முழுவதையும் ஒரே இடத்தில் காண இயலாது.

இந்தியாவெங்கும் உள்ள தமிழ்த்துறைகளின் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் ஆளுக்கொரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டாலே அவ்வழி தெளிவுறத் தொடங்கும். அதனைச் செய்யாது, பிறர் அகராதியின் பக்கங்களை எண்ணித் தாழ்வுறுவதோ தருக்குறுவதோ தமிழாய்வுக்கு அழகன்று.