கறுப்பு ஆடு எதற்கு?

காவல் துறையில் ஒருவர் லஞ்சம் வாங்கிப் பிடிபட்டால் ‘கறுப்பு ஆடு’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. இது ஆங்கிலேயர் வழக்கு. அங்கே ஆடு வளர்த்தது கம்பளிக்காக. கறுப்பு ரோமத்தில் வேறு சாயம் ஏறாது, விலை குறைவு. அதனால் அது வேண்டாத ஆடாயிற்று.

நம் பக்கம் கதையே வேறு. சுடலைமாடன் கொடைக்கு நேர்ந்துவிடக் கருங்கிடா தேடி அலைகிறவர்கள் நாம்.

சொந்தக் கூட்டத்தையே கெடுப்பவனுக்குக் ‘கோடரிக்காம்பு’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. மரத்தில் பிறந்து மரத்தையே வெட்டுவது. நிறத்தைப் பழிக்காமல் செயலைச் சொல்கிறது. ‘கறுப்புப் பணம்’ என்பதையும் களியக்காவிளை தாண்டினால் மலையாளத்தில் ‘கள்ளப்பணம்’ என்றுதான் சொல்கிறார்கள்.

கார்வண்ணனைக் கும்பிடும் வீட்டில், கறுப்பு என்றாலே கெட்டது என்று பேரப்பிள்ளைகள் எண்ணும்படி நாம் பேசலாமா?