நம் வீட்டு எண்பது ரூபாய்

அன்பு வாசகர்களுக்கு,

தூர்தர்ஷனைப் பற்றியும் வானொலியைப் பற்றியும் நமக்கு வரும் கடிதங்கள் இரண்டு ரகம். "யாருமே பார்க்காத டிவிக்கு எதற்கு நம் வரிப்பணம்? இழுத்து மூடிவிட்டு அந்தக் காசில் நாலு பள்ளிக்கூடம் கட்டலாமே!" என்பது ஒன்று. "எங்கள் வீட்டில் காலையில் ரேடியோதான் கடிகாரம். நல்ல நிகழ்ச்சிகள் குறைந்துகொண்டே போகின்றன. யாரும் கேட்க மாட்டீர்களா?" என்பது இன்னொன்று.

ஒரே வீட்டில் மகன் முதல் கடிதத்தையும் அம்மா இரண்டாவதையும் எழுதியிருக்கலாம். இரண்டு பேரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசலாம் என்று தோன்றியது.

முதலில் காசு விஷயம். நாம் எவ்வளவு கொடுக்கிறோம்?

ஒரு காலத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. ரேடியோ வாங்கினால் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். டிவி வந்தபோது அதற்கும் லைசென்ஸ் இருந்தது. வீட்டுப் பெரியவர்கள் ரேஷன் கார்டுடன் சேர்த்து அந்தச் சின்னப் புத்தகத்தையும் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். 1980களில் அந்த லைசென்ஸ் முறையை எடுத்துவிட்டார்கள். கட்டணம் போனது நல்லதுதான். ஆனால் 'நான் காசு கொடுக்கிறேன், எனக்கு நல்ல நிகழ்ச்சி கொடு' என்று கேட்கும் உரிமையும் நம் நினைவிலிருந்து மெல்லப் போய்விட்டது.

காசு கொடுப்பதை நாம் நிறுத்தவில்லை. வழி மாறியது, அவ்வளவுதான். தூர்தர்ஷனையும் வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதிக்கு மத்திய அரசின் பட்ஜெட்டிலிருந்து ஆண்டுதோறும் மானியம் போகிறது. சமீப ஆண்டுகளில் அது 2,500 கோடிக்கும் 3,000 கோடிக்கும் இடையில் இருக்கிறது. 2,800 கோடி என்று வைத்துக்கொள்வோம். 140 கோடிப் பேருக்குப் பிரித்தால் தலைக்கு 20 ரூபாய். நாலு பேர் உள்ள வீட்டுக்கு வருஷத்துக்கு 80 ரூபாய்.

பிரிட்டனில் பிபிசிக்காக ஒரு வீடு கட்டிய லைசென்ஸ் கட்டணம் 2025 ஏப்ரல் நிலவரப்படி 174.50 பவுண்டு. நம் பணத்தில் ஏறத்தாழ 20,000 ரூபாய். அங்கேயும் இதே சண்டைதான் வருஷக்கணக்காக நடக்கிறது. இவ்வளவு கொடுத்து என்ன கிடைக்கிறது, நட்சத்திரத் தொகுப்பாளர்களுக்கு இத்தனை சம்பளம் ஏன் என்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். கேட்டதற்குப் பலனும் உண்டு. 2017 முதல் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களின் பெயர்ப் பட்டியலை பிபிசி ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது.

80 ரூபாய் பெரிய தொகையா? என்னைக் கேட்டால் இல்லை. ஒரு மாதத்து கேபிள் கட்டணத்தில் பாதிகூட வராது. ஆகவே, 'நம் பணம் எல்லாம் போச்சு' என்ற கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை. அந்த 80 ரூபாயில் எத்தனை ரூபாய் நம் காதுக்கும் கண்ணுக்கும் வந்து சேர்கிறது என்பதுதான் என் கேள்வி.

மானியத்தின் பெரும்பங்கு சம்பளத்துக்குப் போகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. வேலை செய்தவருக்குச் சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். கருவிகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குகிறார்கள். 2023 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 'பிண்ட்' திட்டத்தின் மதிப்பு 2,539 கோடி ரூபாய். புதிய டிரான்ஸ்மிட்டர்கள், ஸ்டூடியோக்களைப் புதுப்பிப்பது, எஃப்.எம். ஒலிபரப்பை நாட்டின் 80 சதவீத மக்களுக்குக் கொண்டு சேர்ப்பது, எல்லையோர, மலைவாழ் மக்களின் வீடுகளுக்கு 8 லட்சம் டிடி ஃப்ரீ டிஷ் பெட்டிகள் கொடுப்பது எனப் பல நல்ல வேலைகள் அதில் இருக்கின்றன. வேண்டியவைதான்.

ஆனால் டிரான்ஸ்மிட்டர் எதை ஒலிபரப்பப் போகிறது? சாம் பிட்ரோடா தலைமையிலான நிபுணர் குழு 2014-இல் கொடுத்த அறிக்கை இந்த இடத்தில்தான் கை வைத்தது. நிகழ்ச்சி தயாரிப்புக்குப் போகும் பணம் மிகக் குறைவு, அதை உயர்த்தியே தீர வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. பத்து வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. நம் வீட்டு ரேடியோவில் அந்த மாற்றம் தெரிகிறதா?

உள்ளூர் வானொலி நிலையத்தின் காலை நேர வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஐந்தே முக்கால் மணிக்குள் அறிவிப்பாளர் ஸ்டூடியோவில் இருக்க வேண்டும். வால்டர் காஃப்மன் 1936-இல் அமைத்த வானொலியின் முகப்பு இசை முடிந்ததும் "வணக்கம்" என்று தொடங்கும் குரல் அவருடையது. நிகழ்ச்சி வரிசையைச் சொல்லும் கியூ ஷீட்டைப் பார்த்துப் பாட்டைத் தயாராக வைப்பதும், செய்திக்கு நொடி தவறாமல் இணைப்பு கொடுப்பதும், நடுவில் லைன் போனால் சமாளிப்பதும் அவர் பொறுப்பு. இந்தக் குரல்களில் பல நிரந்தர ஊழியர்களுடையவை அல்ல. 'கேஷுவல் அறிவிப்பாளர்' என்று அவர்களுக்குப் பெயர். மாதத்துக்கு ஆறு நாளுக்கு மேல் பணி கொடுக்கக் கூடாது என்பது விதி. அந்த ஆறு நாள் வருமானத்தில் குடும்பம் நடக்குமா? மீதி நாளில் டியூஷன் எடுக்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி தொகுக்கிறார்கள், விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கிறார்கள். இருபது வருஷம் இப்படியே ஓட்டியவர்கள் உண்டு. அவர்களின் உச்சரிப்பில் ஒரு ழகரம் பிசகாது.

2025-இல் டிடி நியூஸில் ஒரு பிரபல தொகுப்பாளரின் நிகழ்ச்சிக்கு ஆண்டுக்கு 15 கோடி ரூபாய் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. திறமைக்கு விலை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே நிறுவனத்தில் மாவட்ட நிலையத்தின் குரலுக்கு மாதத்தில் ஆறு நாள்தான் வேலை என்றால், எந்தக் குரல் வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? நம்மை யாராவது கேட்டார்களா?

தரம் என்றதும் பலர் தூர்தர்ஷனின் 'ஒலியும் ஒளியும்' பாட்டு நிகழ்ச்சிக் காலத்து நினைவுகளுக்குப் போய்விடுகிறார்கள். அந்த நினைவுகள் எனக்கும் பிடிக்கும். ஆனால் அப்போது வேறு சேனல் கிடையாது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவே ஒரே டிவி முன்னால் உட்கார்ந்தது. அதை வைத்துத் தரத்தை அளக்க வேண்டாம். வேறு உதாரணங்கள் இருக்கின்றன.

1960களில் தஞ்சாவூர் விவசாயிகள் ஏ.டி.டி. 27 என்ற நெல் ரகத்துக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். திருச்சி வானொலி அந்த ரகத்தைப் பற்றி அந்த அளவுக்கு விளக்கமாகச் சொன்னது. விதைப்பு எப்போது, உரம் எவ்வளவு, பூச்சி வந்தால் என்ன செய்வது என்று விவசாயி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டார். அதற்குப் பின்னால் பண்ணை நிகழ்ச்சிக்காரர்கள் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாக நடந்த நடை இருக்கிறது. அந்த நடைக்குப் பயணப்படி கொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது.

வானொலியில் வந்த தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' சில நிமிஷங்கள்தான். அதற்குச் செட் வேண்டாம், கிராஃபிக்ஸ் வேண்டாம். ஆனால் அவர் வானொலியின் விவசாய நிகழ்ச்சிகளில் வருஷக்கணக்காக வேலை பார்த்து, கிராமத்துப் பேச்சைக் காதில் நிறைத்துக்கொண்டவர். அப்படி ஒருவரை உருவாக்க நிரந்தர வேலையும் நிதானமும் தேவைப்பட்டன. டெல்லியிலிருந்து செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமியின் குரல் கேட்டுத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்ட பள்ளி ஆசிரியர்கள் எத்தனை பேர்!

நாகஸ்வரத்துக்கும் வில்லுப்பாட்டுக்கும் எந்தத் தனியார் எஃப்.எம். தினமும் நேரம் ஒதுக்கும்? விளம்பரதாரர் வரமாட்டார், தனியார் நிலையங்களைக் குறை சொல்லவும் முடியாது. அரசு வானொலியோ இடம் கொடுக்கிறது. அதன் தேர்வுக் குழு கொடுக்கும் 'ஏ கிரேட்', 'பி ஹை' தகுதியை இன்றைக்கும் கச்சேரி அழைப்பிதழில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறார்கள் கலைஞர்கள்.

கடலோர வீடுகளுக்கு வானொலி இன்னும் நெருக்கமான விஷயம். நாகர்கோவிலிலும் தூத்துக்குடியிலும் காரைக்காலிலும் வானொலி நிலையங்கள் இருப்பதன் அருமை, காற்று திசை மாறும் நாளில் தெரியும். கரையிலிருந்து தள்ளிப் போனால் செல்போன் சிக்னல் கிடைக்காது. மீனவர்களுக்கான எச்சரிக்கை ரேடியோவில் தெளிவாக, தமிழில், திரும்பத் திரும்ப வர வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு டெல்டாவின் பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. டிவி, செல்போன் இரண்டும் கை விட்ட நேரத்தில் பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர்தான் பேசியது. யாருமே கேட்காத ரேடியோ என்று சொல்பவர்கள் அந்த வீடுகளில் போய்க் கேட்க வேண்டும்.

சரி, ஃப்ரீ டிஷ்? ஒரு முறை பெட்டியும் குடையும் வாங்கிவிட்டால் மாதக் கட்டணமே கிடையாது. 2004-இல் தொடங்கிய இந்தச் சேவை இன்று கோடிக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. அதில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் ஏலம் எடுக்கின்றன, பிரசார் பாரதிக்கு நல்ல வருமானம். ஆனால் ஏலத்தில் வருபவை பெரும்பாலும் இந்தி சேனல்கள். ஆசையாக வாங்கி மாட்டிய தமிழ்க் குடும்பம், தமிழில் எத்தனை சேனல் வருகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, மறுபடி கேபிள்காரருக்குப் போன் செய்கிறது. டிடி தமிழ் நன்றாக இருந்தால் அந்தக் குடும்பம் போன் செய்யுமா?

பொதிகை என்று நாம் அழைத்த சேனல் 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆகப் புதுப் பொலிவுடன் வந்தது. படம் தெளிவாக இருக்கிறது, அரங்குகள் அழகாக இருக்கின்றன. வரவேற்கிறேன். ஆனால் நம் ஊர் பஸ் ஸ்டாண்டிலும் அரசு ஆஸ்பத்திரியிலும் என்ன நடக்கிறது என்று அங்கே கேள்வி கேட்கும் நிகழ்ச்சி வேண்டும் எனக்கு. சென்னைத் தொலைக்காட்சியில் 'எதிரொலி' என்று ஒன்று வரும், நினைவிருக்கிறதா? நேயர்கள் எழுதிய கடிதங்களை வாசித்து நிலையத்தார் பதில் சொல்வார்கள். 'செய்தியில் இன்ன ஊர்ப் பெயரைத் தவறாகச் சொன்னீர்கள்' என்று ஒருவர் எழுதினால், அது டிவியிலேயே வரும். அந்தப் பழக்கம் திரும்ப வந்தாலே பாதித் தரம் தானாக வந்துவிடும் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பலர் தூர்தர்ஷன் செய்தியைப் பார்க்காததற்குக் காரணம் படம் மங்கலாக இருப்பது அல்ல, 'அது அரசாங்கம் சொல்வதைத்தான் சொல்லும்' என்ற எண்ணம். இது இன்று நேற்று வந்ததல்ல. எந்தக் கட்சி டெல்லியில் ஆண்டாலும் எதிர்க்கட்சிகள் இதையே சொல்லி வந்திருக்கின்றன. 2024 ஏப்ரலில் டிடி நியூஸின் சின்னம் காவி நிறத்துக்கு மாறியபோது எழுந்த சர்ச்சையும் இந்தச் சந்தேகத்திலிருந்து வந்ததுதான். பிரசார் பாரதி சட்டம் 1990-இல் நிறைவேறி, 1997-இல் நடைமுறைக்கு வந்ததே இதைத் தீர்க்கத்தான். நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடங்கிய ஒரு குழு பிரசார் பாரதியைக் கண்காணிக்கும், மக்களின் புகார்களைக் கேட்க ஒலிபரப்புக் குழு ஒன்று இருக்கும் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அவை ஒழுங்காக நடந்து நாம் பார்த்ததில்லை. சட்டத்தில் இருப்பதைச் செயல்படுத்தச் சொல்வதில் கட்சி ஏது?

மூடிவிடலாம் என்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். மூடிவிட்டால் மறுபடி திறக்க முடியாது. அலைவரிசை போய்விடும், கலைஞர்கள் போய்விடுவார்கள், நிலையங்களின் அலமாரிகளில் இருக்கும் பழைய ஒலிநாடாக்கள் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய பாசத்துக்காக மட்டும் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்ற முடியாது. பிள்ளைகள் கேட்க வேண்டும், பார்க்க வேண்டும். அதற்கு நிகழ்ச்சியில் பணம் இறங்க வேண்டும்.

ஆகவே இந்த மாதம் வாசகர்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் ஊர் வானொலி நிலையத்துக்கோ டிடி தமிழுக்கோ எழுதுங்கள். கடந்த நிதியாண்டில் புதிய நிகழ்ச்சிகள் தயாரிக்க மட்டும் செலவான தொகை எவ்வளவு? தினமும் எத்தனை மணி நேரம் சொந்தத் தயாரிப்பு, எத்தனை மணி நேரம் பிற நிலையங்களிலிருந்து வாங்கி அஞ்சல் செய்யும் ஒலிபரப்பு? கேஷுவல் அறிவிப்பாளர்கள் எத்தனை பேர், ஒரு பணிக்கு என்ன ஊதியம்? இந்த மூன்று கேள்விகள் போதும்.

பதில் வந்ததும் ஒரு நகலை நமக்கு அனுப்பிவையுங்கள். எந்த நிலையம் எவ்வளவு செலவழித்தது என்று ஊர்வாரியாக இதே பக்கத்தில் வெளியிடுகிறோம். பதில் வராவிட்டாலும் எந்த ஊரிலிருந்து வரவில்லை என்று எழுதுங்கள், அதையும் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்