அமிர்தம் யாருக்கு?

செங்கண்மாரி என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. கண் மஞ்சளிக்கும், சோறு வெறுக்கும், சில கிழமைகள் பத்தியம் காத்தால் குணமாகும் என்பது நம் பாட்டிமார் கண்ட அனுபவம். அழுக்கு நீரால் வரும் வகைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். இரத்தத்தின் வழியாகப் பரவும் ஈரல் அழற்சியோ வேறு. அதிலும் ‘சி’ வகை வைரசு, கண்ணில் மஞ்சளைக் காட்டாமலே இருபது, முப்பது ஆண்டுகள் ஈரலில் குடியிருந்து, அதனைச் சுருங்கச் செய்து, சிலரைப் புற்றுநோய் வரையிலும் இட்டுச் செல்லும். அந்நோய்க்கு மிக எளிதில் ஆளாகின்றவர்கள், போதைப்பொருளை ஊசியால் ஏற்றிக்கொள்வோர். அவர்களைப் பற்றி வாய்விட்டுப் பேச நாம் கூசுகின்றோம். இன்று அவர்களைப் பற்றியே சிந்திப்போம்.

ஒருவர் பயன்படுத்திய ஊசிக் குழாயில் இவ்வைரசு வாரக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கக்கூடும். ஊசி மட்டுமன்று, தூளைக் கரைத்த கரண்டி, வடித்த பஞ்சு, கழுவிய நீர் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வதாலும் தொற்று நேரும். ஆனால், ஒரே கோப்பையில் உண்பதாலோ, ஒரே பாயில் அமர்வதாலோ, பிள்ளையைத் தாய் கட்டியணைப்பதாலோ இது பரவுவதில்லை. இவ்வுண்மை வீட்டிலுள்ளோருக்குத் தெரிந்திருந்தாலே நோயாளியின் துயரத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

இவ்வைரசு இனங்காணப்பட்டது 1989ஆம் ஆண்டில். அக்கண்டுபிடிப்புக்காக ஆல்டர், ஹௌட்டன், ரைஸ் ஆகிய மூவர் 2020இல் நோபல் பரிசு பெற்றனர். முன்னர் இருந்த இன்டர்பெரோன் சிகிச்சை மாதக்கணக்கில் ஊசி ஏற்ற வேண்டியது, உடலை வாட்டுவது, பலருக்குப் பலனளிக்காதது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் சோபோஸ்புவிர் என்னும் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே அதன் விலை ஒரு மாத்திரைக்கு 1,000 டொலர்! மறு ஆண்டில் இந்திய நிறுவனங்கள் அதனைச் செய்ய உரிமம் பெற்றன. விலையும் மளமளவென்று இறங்கிற்று. இன்று வேறொரு மருந்துடன் சேர்த்து 12 வாரங்கள் விழுங்கினால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வரையில் முற்றாகக் குணமடைகின்றனர்.

மருந்து வந்துவிட்டது, ஆனால் அது உரியவரைச் சென்று சேர வேண்டுமே! “முதலில் போதையை விட்டுவிட்டு வா, பிறகு ஈரலைப் பார்ப்போம்” என்பதே நெடுங்காலம் பல வைத்தியசாலைகளில் கிடைத்த மறுமொழி. இத்தகையோர் ஒழுங்காக மருந்துண்ண மாட்டார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

அக்காரணத்தைச் சோதித்துப் பார்த்த ஊர்களுள் நம் தமிழ் நகராகிய சென்னையும் ஒன்று. டாக்டர் சுனிதி சாலமன் அம்மையார் 1993இல் அங்கு நிறுவிய ஒய்.ஆர்.ஜி. நிலையத்தார், ஊசிப் பழக்கமுடைய 50 பேரை இரு பிரிவாக்கி, களப்பணியாளர் முன்னிலையில் நாள்தோறும் மருந்துண்ணச் செய்தனர். பன்னிரண்டு வாரச் சிகிச்சை பெற்ற பிரிவினரில் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர். இருபத்து நான்கு வாரப் பிரிவினரில் அத்துணைப் பேர் தேறவில்லை. அவர்களைத் தடுத்ததில் நீண்ட வழிக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம்.

மணிப்பூரின் கதை இன்னும் நெஞ்சைத் தொடுவது. பர்மா எல்லை வழியாக 1980களில் அங்கு ஹெரோயின் பெருகிற்று. பிடித்து அடைத்தும் அச்சுறுத்தியும் பார்த்தனர். 1990ஐ ஒட்டி எச்.ஐ.வி. காட்டுத்தீயெனப் பரவியதே மிச்சம். பின்னர், பழக்கத்திலிருந்து மீண்டவர்களே 1991இல் இம்பாலில் ‘சாசோ’ என்னும் சங்கத்தைத் தொடங்கித் தோழருக்குத் துணை நின்றனர். அண்மை ஆண்டுகளில் அங்குள்ள அத்தகையோரின் கூட்டமைப்பு, பரிசோதனையையும் சிகிச்சையையும் மக்களிடையே கொண்டுசென்றது. பரிசோதனையில் முதற்படி, தொற்று என்றேனும் நேர்ந்ததா என்று பார்ப்பது. இரண்டாம் படி, வைரசு இன்னும் உளதா என்று பார்ப்பது. இவ்விரண்டுக்கும் இடையில் பல நாள் அலையவிட்டால் பாதிப்பேர் திரும்பி வாரார். ஆதலின் இரண்டையும் அருகருகே, தம்மை இகழாத ஒருவர் கையால் செய்விப்பதே இம்முறையின் உயிர்நாடி.

நம் நாட்டில் ஹெரோயினைப் புகையாக இழுப்போரே மிகுதி. ஊசியால் ஏற்றுவோர் சிலரே. இதனை எண்ணி நாம் அயர்ந்துவிடலாகாது. சென்னையிலும் முன்பு புகைத்தவர்களே 1990களில் ஊசிக்கு மாறினர். தூளும் ‘ஐஸ்’ஸும் வாவிக்கரை ஊர்களில் இளைஞரைத் தேடி வருகின்ற இக்காலத்தில், முன்னெச்சரிக்கை வேண்டாமா?

“ஊசி கொடுப்பதும் மருந்து கொடுப்பதும் போதைக்குத் துணைபோவதாகாதா?” என்று சிலர் வினவலாம். குணமடைந்தவருக்கும் இந்நோய் மீண்டும் தொற்றக்கூடும். ‘சி’ வகைக்குத் தடுப்பூசியும் இல்லை. ஆகவே தூய ஊசியும், பியூப்ரெனோர்பின் போன்ற மாற்று மருந்தும் சிகிச்சையோடு சேர்ந்தே நடத்தல் வேண்டும். ஒருவர் உடலில் வைரசு ஒழிந்தால், அவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் வழியும் அடைபடுகின்றது. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், போதைக்கு அடிமையானவரைக் கட்டாயமாகவும் புனர்வாழ்வுக்கு அனுப்ப இடந்தருகின்றது. பிடிபடுவோம் என்று அஞ்சுபவன் இரத்தம் கொடுக்கக் கை நீட்டுவானா?

அமிர்தகழி என்று நம் ஊருக்குப் பெயர். ஆடி அமாவாசையன்று மாமாங்கேசுவரர் தீர்த்தத்தில் இறங்குவோரை, “நீ தூய்மையானவனா?” என்று எவரும் தடுப்பதில்லை, தூய்மை பெறுவதற்கென்றே அனைவரும் இறங்குகின்றனர். மருந்துக்கும் அம்முறையே ஏற்றது.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளைக்கு இப்பழக்கம் உண்டென்று அறிந்தால், அயலார் அறியாமல் மறைப்பதிலும் வீட்டை விட்டு விரட்டுவதிலும் நாட்களைக் கழிக்க வேண்டாம். சோற்றுக் கோப்பையை வேறாக வைக்கவும் வேண்டாம். சவர அலகும் பற்றூரிகையும் மட்டும் தனியாக இருக்கட்டும். அவனுடன் கூடவே வைத்தியசாலைக்குச் சென்று, ‘பி’, ‘சி’ இரண்டுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். ‘பி’ வகைக்குத் தடுப்பூசி உண்டு, அதனையும் கேளுங்கள். பழக்கத்தை விடுவதற்கு அவனுக்குக் காலம் பிடிக்கலாம். அதுவரையில் அவன் ஈரல் காத்திராது.