தேர் வேண்டாம், குடை போதும்!

இரட்டைக் குழந்தை வண்டி வாங்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

ஒரு தாய். இரண்டு குழந்தைகள். மூத்தவனுக்கு இரண்டு வயது. இளையவளுக்கு ஒன்பது மாதம்.

வீடு மூன்றாவது மாடியில். கணவன் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போனால், இரவு எட்டு மணிக்குத்தான் திரும்புவான்.

இன்று இளையவளுக்குத் தடுப்பு ஊசி போட வேண்டும். ஆஸ்பத்திரி ஒரு கிலோமீட்டர் தூரம். மூத்தவனை வீட்டில் தனியே விட முடியாது. எப்படிப் போவாள்?

சின்னவளை இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பெரியவனைக் கையில் பிடித்துக்கொள்கிறாள். பாதி வழி போனதும் பெரியவன் நடுத் தெருவில் உட்கார்ந்துவிடுகிறான். "தூக்கு!" என்று அழுகிறான். பின்னால் பஸ் வருகிறது. முன்னால் மோட்டார் சைக்கிள் வருகிறது.

இரண்டு குழந்தைகளும் சேர்ந்தால் சுமார் 20 கிலோ. எந்தத் தாயின் இடுப்பு இதைத் தாங்கும்?

இப்படிப்பட்ட தாய்க்குத்தான் இரட்டைக் குழந்தை வண்டி. கடைகளில் "ஸ்ட்ரோலர்" என்று சொல்கிறார்களே, அதுதான். இரண்டு குழந்தைகளை உட்கார வைத்து, ஒருவர் தள்ளிக்கொண்டு போகும் வண்டி.

இது பணக்காரர்களின் பகட்டு அல்ல. அவசியமான குடும்பத்துக்கு அவசியமான பொருள். ஆனால், பல வீடுகளில் தவறான வண்டியை வாங்கிவிடுகிறார்கள். அதுதான் வருத்தம்.

துணி காயும் வண்டி

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடைக்குப் போகிறார்கள். பெரிய சக்கரம், மெத்தை இருக்கை, பால் புட்டி வைக்க ஒரு கிண்ணி, பொம்மை வைக்க ஒரு தட்டு என்று ஒரு வண்டி பளபளவென்று நிற்கிறது.

"ராஜா மாதிரி உட்காரலாம்!" என்கிறார் தாத்தா. "சொந்தக்காரர்கள் பார்த்தால் அசந்துபோவார்கள்" என்கிறான் கணவன். விலை கொடுத்து வாங்கியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிகிறது. வண்டியின் எடை மட்டும் 16 கிலோ! லிப்ட் கதவுக்குள் நுழையவில்லை. ஆட்டோவில் ஏறவில்லை. மடக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

பத்தாம் நாள் அந்த வண்டி பால்கனிக்குப் போகிறது. அதன் கைப்பிடியில் துணி காய்கிறது. தாயோ பழையபடி ஒன்றை இடுப்பிலும், ஒன்றைக் கையிலும் கொண்டு தெருவில் நடக்கிறாள்.

தேர் அழகுதான். ஆனால் தேரை இழுக்க ஊரே கூட வேண்டும். இங்கே இழுக்கப்போவது ஒருத்தி. அவளும் தனியாக இழுக்க வேண்டும். அவள் கைக்கு அடங்காத வண்டி எதற்கு?

பாட்டியின் கேள்வி

"நாங்கள் எல்லாம் வண்டி வைத்தா பிள்ளை வளர்த்தோம்? இடுப்பில் தூக்கி வளர்க்கவில்லையா?" என்று பாட்டிமார்கள் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். ஆனால் அன்று வீட்டில் எத்தனை இடுப்பு இருந்தது? பாட்டி இருந்தாள். அத்தை இருந்தாள். சித்தி இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து தூக்கிக்கொண்டு போவாள். ஒரு குழந்தைக்கு நாலு கை இருந்தது.

இன்று அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்தினால், உள்ளே ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும்தான். அவள் வெளியே போக வேண்டுமானால் கணவன் வர வேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுவதும் நாலு சுவர்தான்.

கைக்கு அடக்கமான வண்டி ஒன்று இருந்தால், அவள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். மாலையில் குழந்தைகளைப் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம். காய்கறி வாங்கலாம். நாலு பேரைப் பார்த்துப் பேசலாம். இதை அற்ப விஷயம் என்று யார் சொல்ல முடியும்?

விமானம் தந்த யோசனை

லேசான குழந்தை வண்டி பிறந்த கதை சுவையானது.

இங்கிலாந்தில் ஓவன் மக்லாரன் என்று ஓர் என்ஜினீயர் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பேர் பெற்ற "ஸ்பிட்பயர்" சண்டை விமானத்தின் சக்கரக் கால்களை உருவாக்கும் வேலையில் பங்கு கொண்டவர். விமானம் மேலே கிளம்பியதும் சக்கரங்கள் மடங்க வேண்டும். இறங்கும்போது விரிய வேண்டும். லேசாகவும் இருக்க வேண்டும்; உறுதியாகவும் இருக்க வேண்டும்.

வயதான காலத்தில், கைக்குழந்தையோடு பயணம் செய்த தம் மகள் கனமான வண்டியை வைத்துக்கொண்டு படும் பாட்டை அவர் அறிந்தார். "விமானத்தின் காலையே மடக்குகிறோம். குழந்தை வண்டியை மடக்க முடியாதா?" என்ற யோசனை வேலை செய்தது.

அலுமினியக் குழாய்களை எடுத்தார். குடையைப் போல மடங்கும் வண்டி ஒன்றைச் செய்தார். 1965-ல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன் எடை 6 பவுண்டு. அதாவது மூன்று கிலோவுக்கும் குறைவு!

அதற்கு முன் குழந்தை வண்டி என்றால் பெட்டி போன்ற பெரிய வண்டிதான். மக்லாரன் வண்டி வந்த பிறகு, தாய் ஒரு கையில் குழந்தையையும், மறு கையில் வண்டியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறலாம் என்று ஆயிற்று. பின்னால் இரட்டை வண்டிகளும் இதே முறையில் வந்தன.

அவர் பெரிய சக்கரத்தையும் மெத்தையையும் பற்றிக் கவலைப்படவில்லை. தூக்குகிறவளின் கையைப் பற்றிக் கவலைப்பட்டார். வாங்குகிறவர்களும் அதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

எத்தனை கிலோ?

இப்போது கிடைக்கும் லேசான இரட்டை வண்டிகள் பெரும்பாலும் 8 கிலோ முதல் 11 கிலோ வரை இருக்கின்றன. கனமானவை 15 கிலோவையும் தாண்டும்.

"ஐந்து கிலோதானே வித்தியாசம்?" என்று நினைக்கக் கூடாது. 10 கிலோ அரிசிப் பையை ஒரு பெண் ஒரு கையால் ஆட்டோவில் ஏற்றிவிடுவாள். 15 கிலோ பையை ஏற்ற இரண்டு கையும் வேண்டும். அப்போது சின்னவளை யார் பிடிப்பது?

வண்டி தாங்கும் பாரத்தையும் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் ஓர் இருக்கை 15 கிலோ வரைதான் தாங்கும். சிலவற்றில் 22 கிலோ வரை தாங்கும். மூன்று வயதுக் குழந்தை சுமார் 14 கிலோ இருக்கும். 15 கிலோ வண்டி வாங்கினால், மூத்தவனுக்குச் சீக்கிரம் பயன்படாமல் போகும்.

அக்கம் பக்கமா? முன்னும் பின்னுமா?

இரட்டை வண்டியில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் குழந்தைகள் அக்கம் பக்கமாக உட்காரும். மற்றொன்றில் முன்னும் பின்னுமாக உட்காரும்.

முன்னும் பின்னுமான வண்டி ஒடுக்கமானது. குறுகிய வழியில் போகும். ஆனால் நீளம் அதிகம். திருப்புவது சிரமம். நடைபாதை மேட்டில் ஏற்றுவதும் சிரமம். பின்னால் உட்கார்ந்த குழந்தைக்கு முன்னால் இருப்பவனின் முதுகுதான் காட்சி!

அக்கம் பக்க வண்டியில் இருவரும் வேடிக்கை பார்க்கலாம். பேசிச் சிரிக்கலாம். ஒருவரை ஒருவர் கிள்ளவும் செய்யலாம். மடக்குவது சுலபம். எடையும் பொதுவாகக் குறைவு. ஆனால் அகலம் சுமார் 75 முதல் 80 செ.மீ. வரை இருக்கும்.

இங்கேதான் அளவு நாடா வேண்டும். கடைக்குப் போகுமுன் வீட்டு லிப்ட் கதவின் திறப்பை அளக்க வேண்டும். நாலு பேர் ஏறும் லிப்ட்டில் அது வழக்கமாக 70 செ.மீ. ஆறு பேர் லிப்ட்டில் 80 செ.மீ. அந்த அளவைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டும். கடைக்காரர் சொல்லும் பத்து நல்ல வார்த்தைகளைவிட, அந்தத் துண்டுக் காகிதம் உதவும்.

லிப்ட் இல்லாத வீடுகளில் வண்டியை மாடிக்குத் தூக்குவது வீண் பாடு. மாடிப்படியின் அடியில் சங்கிலி போட்டுப் பூட்டி வைக்க இடம் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும்.

லேசு என்றால் எல்லாம் நல்லதா?

இல்லை. லேசான வண்டிக்கும் குறை உண்டு.

அதன் சக்கரம் சிறியது. உடைந்த நடைபாதையில் சிக்கும். சென்னையில் 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகம் போன்ற இடங்களில் சுகமாக உருளும். ரங்கநாதன் தெரு நெரிசலில் எந்த வண்டியும் போகாது. மண் பாதையில் தள்ளுகிறவர்கள் பெரிய சக்கர வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

லேசான வண்டி பின்பக்கம் சாயக்கூடியது. காய்கறிப் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கினால் போச்சு! மற்றக் குழந்தையோடு வண்டி மல்லாந்துவிடும். பையை அடியில் உள்ள கூடையில்தான் வைக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். தலை நிற்காத குழந்தையைக் குடை வண்டியில் உட்கார வைக்கக் கூடாது. ஆறு மாதம் வரை, படுக்கை போல நன்றாகச் சாயும் இருக்கை வேண்டும். அப்படி வசதி இல்லாத வண்டி கைக்குழந்தைக்கு உதவாது.

வெயிலுக்காகக் கனமான துணியைப் போட்டு வண்டியை மூடுவதும் ஆபத்து. காற்றுப் போகாமல் உள்ளே சூடு ஏறிவிடும்.

விரல் ஜாக்கிரதை!

மடங்கும் பொருளில் விரல் சிக்கும். கத்தரிக்கோல் போலத்தான்.

2009 நவம்பரில், அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் மக்லாரன் வண்டிகளுக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு வந்தது. ஒற்றை வண்டி, இரட்டை வண்டி இரண்டும் அதில் அடக்கம். வண்டியை விரிக்கும்போது கீல் மூட்டில் விரல் வைத்த குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டானதாக 12 புகார்கள் வந்திருந்தன. கீலை மூடுவதற்கு உறைகள் கொடுத்தார்கள்.

நல்ல யோசனையிலும் ஓர் ஆபத்து ஒளிந்திருந்தது. ஆகவே, கீல் வெளியே தெரிகிறதா, மூடியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தைகள் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும்.

பிரேக் போட்ட பிறகே குழந்தைகளை ஏற்ற வேண்டும். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவில் ஒன்று என்று ஐந்து வார் உள்ள பெல்ட் வேண்டும். "பக்கத்துக் கடைதானே" என்று பெல்ட் போடாமல் போகக் கூடாது. நகரும் படிக்கட்டில் வண்டியை ஏற்றவே கூடாது. மெட்ரோ ரெயில் நிலையங்களில் லிப்ட் இருக்கிறது.

வாங்கத்தான் வேண்டுமா?

மூத்த குழந்தைக்கு மூன்று வயது தாண்டிவிட்டதா? அப்படியானால் இரட்டை வண்டியே தேவைப்படாது. அவன் நடப்பான், ஓடுவான். சின்னவளுக்கு ஒற்றை வண்டி போதும்.

இரட்டைப் பிள்ளைகள் உள்ள வீட்டிலும், ஒன்றரை, இரண்டு வயது வித்தியாசத்தில் இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டிலும்தான் இது நன்றாக உழைக்கும். அங்கும் இரண்டு மூன்று வருஷ வேலைதான். கடன் வாங்கி வாங்க வேண்டியது இல்லை. தெரிந்தவர் வீட்டில் பயன்படுத்திய வண்டி கிடைத்தால், பிரேக்கையும் பெல்ட்டையும் கீலையும் சோதித்துவிட்டுத் தாராளமாக வாங்கலாம்.

யார் தேர்ந்தெடுப்பது?

வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் பணம் கொடுக்கும் கணவன் அல்ல. தாத்தாவும் அல்ல. தினமும் தள்ளப்போகிற தாய்தான்.

கடையில் அவள் ஒரு சோதனை செய்ய வேண்டும். சின்னவளை ஓர் இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும். மறு கையால் வண்டியை மடக்கட்டும். மடக்கிய வண்டியைத் தூக்கிப் பத்து அடி நடக்கட்டும். கடைக்காரர் உதவிக்கு வரக் கூடாது. கணவனும் வரக் கூடாது. தெருவில் அவர்கள் வரப்போவது இல்லையே!

முடிந்ததா? அதுதான் அவளுடைய வண்டி. முடியவில்லையா? எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.

அடுத்த ஊசி நாளில், யாரையும் எதிர்பார்க்காமல் அவள் இரண்டு குழந்தைகளோடும் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். அதற்கு உதவும் வண்டிதான் நல்ல வண்டி.