கான்டாக்டர் அடிக்கடி கருகுகிறதே, ஏன்?

கேள்வி: தென்னந்தோப்பில் 7.5 ஹெச்.பி. நீர்மூழ்கி மோட்டார், ஸ்டார் டெல்டா பேனலில் ஓடுகிறது. ஒன்றரை வருடத்தில் கான்டாக்டரை மூன்று முறையும் ஓவர்லோடு ரிலேயை இரண்டு முறையும் மாற்றிவிட்டேன். வேறு கம்பெனிப் பொருள் வாங்கிப் போட்டும் அதே கதைதான். ஒவ்வொரு முறையும் வலது ஓர முனைதான் கருகுகிறது. கடைசியாகப் பத்து நாள் தண்ணீர் நின்றதில் குரும்பை உதிர ஆரம்பித்துவிட்டது. பேனலையே மாற்றிவிடலாமா?
- உடுமலைப்பேட்டைப் பகுதி வாசகர்

பதில்: பேனலை மாற்றும் செலவை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். 'வலது ஓர முனைதான் கருகுகிறது' என்று கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. பொருள் மட்டமானது என்றால் மூன்று முனைகளில் ஏதாவது ஒன்று, ஒருமுறை இங்கே, ஒருமுறை அங்கே என்று போகும். இரண்டு கம்பெனிப் பொருளிலும் ஒரே முனை கருகினால், கோளாறு அந்த முனைக்கு வந்து சேரும் ஒயரிலோ, அந்தப் பேஸிலோ இருக்கிறது. கான்டாக்டர் அதற்குப் பலியாகிறது, அவ்வளவுதான்.

முதல் சந்தேகம் இணைப்பு. தோட்டங்களில் கம்பத்திலிருந்து வரும் அலுமினிய ஒயரை லக் போடாமல் முறுக்கி, அப்படியே பித்தளை முனையில் திணித்துத் திருகிவிடுகிறார்கள். மோட்டார் ஓடும்போது முனை சூடாகி விரியும், நிறுத்தினால் சுருங்கும். அலுமினியம் மென்மையானது, நாளாக ஆக அமுங்கி, பிடி தளரும். மேலே வெண்மையாக ஒரு படலமும் படியும். அந்த இடத்தில் 0.1 ஓம் தடை உண்டானாலே போதும். 15 ஆம்பியர் ஓடும்போது 22 வாட்டுக்கு மேல் வெப்பம் அந்த ஒரு திருகில் இறங்கும். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் பற்றுக்கோல் ஏறத்தாழ 25 வாட்தான். அதை நாள் முழுக்கக் கான்டாக்டர் மேல் வைத்தால் என்ன ஆகும்? புதிது வாங்கிப் போடும்போது அதே கருகிய ஒயர் நுனியைத் திரும்பச் சொருகுவதால்தான், ஆறு மாதத்தில் மறுபடியும் கருகுகிறது.

கருகிய பகுதியை வெட்டி எறிந்து, செம்பு நன்றாகத் தெரியும்வரை உரித்து, அளவுக்கேற்ற லக்கை அழுத்துக் கருவியால் அழுத்திப் பொருத்த வேண்டும். சுத்தியலால் தட்டுவது கணக்கில் சேராது. அலுமினிய ஒயராக இருந்தால், அலுமினியமும் செம்பும் சேர்ந்த இருஉலோக லக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு மாதம் ஓடிய பிறகு, மெயினை நிறுத்திவிட்டு எல்லாத் திருகுகளையும் இன்னொரு முறை இறுக்குவது அவசியம். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

இணைப்பு சரியாக இருந்தும் ஒரு முனை சூடாகிறது என்றால், ஒயர்மேனை டாங் டெஸ்டரோடு வரச் சொல்லி, மோட்டார் ஓடும்போது மூன்று பேஸிலும் ஆம்பியர் பார்க்க வேண்டும். ஒரு பேஸில் மட்டும் அதிகமாக இருந்தால், குறை மின்சாரத்திலா, தோட்டத்திலா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மெயினை நிறுத்தி, பேனலுக்குள் நுழையும் மூன்று ஒயர்களையும் ஒரே திசையில் ஒரு முனை தள்ளி மாட்ட வேண்டும். முதலாவது இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது முதலாவதுக்கு. இப்படி மாற்றினால் மோட்டார் சுற்றும் திசை மாறாது. அதிக ஆம்பியர் அந்த ஒயரோடு சேர்ந்து நகர்ந்தால், குறை வரும் மின்சாரத்தில். பழைய முனையிலேயே நின்றால், குறை பேனலிலோ, கேபிளிலோ, மோட்டார் காயிலிலோ. எதுவும் வாங்காமல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வோல்டேஜும் அளக்க வேண்டும். 400, 410, 390 என்று மூன்றும் இருந்தால் 'பத்து வோல்ட் தானே' என்று தோன்றும். சராசரியான 400-லிருந்து அது 2.5 சதவிகித ஏற்றத்தாழ்வு. இதிலேயே காயில் சூடு சுமார் 12 சதவிகிதம் கூடிவிடும். ஏற்றத்தாழ்வு 5 சதவிகிதத்தைத் தாண்டினால் மோட்டாரை ஓட்டவே கூடாது. இரண்டு பேஸ் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்டுபவர்களுக்கு இது பொருந்தும். ஒரு நாள் பாய்ச்சலுக்கு ஆசைப்பட்டு மோட்டாரின் ஆயுளைக் கரைக்கிறார்கள்.

வோல்டேஜ் தாழ்ந்தால் வேறு தொல்லை. 415 வோல்ட் காயில் உள்ள கான்டாக்டர் உறுதியாகப் பிடிக்க, அதில் 85 சதவிகிதம், அதாவது சுமார் 353 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே 'கிர்ர்ர்' என்று துடிக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் உள்ளே தீப்பொறி. ஆனால் இதில் மூன்று முனைகளும் ஒரே மாதிரி குழி விழும் என்பதால், இந்த வாசகரின் விஷயத்தில் சந்தேகம் குறைவு. எறும்பு புகுந்தாலும் இதே துடிப்பு கேட்கும். கேபிள் நுழையும் ஓட்டைகளை அடைக்காத பெட்டியில் எறும்பும் பல்லியும் குடியேறுவது சகஜம்.

ரிலே இரண்டு முறை போனதையும் பார்க்க வேண்டும். ஸ்டார் டெல்டா பேனலில் ரிலே பெரும்பாலும் காயிலுக்குப் போகும் ஒயரில் இருக்கும். அங்கே மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரில் 58 சதவிகிதம்தான் ஓடும். தகட்டில் 16 என்றால் ரிலேயை 9.3-ல் வைக்க வேண்டும். தகட்டைப் பார்த்து 16-லேயே வைத்தால் ரிலே இருந்தும் இல்லாத மாதிரிதான். அடிக்கடி 'ட்ரிப்' ஆகிறதே என்று கடைக்காரர் பெரிய ரிலே கொடுத்தால், அடுத்து எரிவது மோட்டார். குழாயை ஏற்றி, காயில் கட்டி, மறுபடி இறக்கும் செலவு கான்டாக்டர் விலையோடு ஒப்பிடக்கூடியது அல்ல.

பெட்டியைத் திறப்பதற்கு முன் மெயினை நிறுத்தி, பீஸ் கட்டைகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வேறு யாராவது தெரியாமல் போட்டுவிடக் கூடாது. கண்டன்சர் உள்ள பேனலில் மின்சாரம் நின்ற பிறகும் அதில் மின்னேற்றம் இருக்கும். ஒயர்மேன் அதை இறக்கிய பிறகே கை வைக்கலாம். ஈரக் கையோடு, செருப்பில்லாமல் பாய்ச்சலுக்கு நடுவில் ஓடிவந்து ரிலேயை 'ரீசெட்' செய்யும் பழக்கம் வேண்டாம். இரும்புப் பெட்டியின் எர்த் ஒயர் அறுந்து கிடக்கிறதா என்றும் இந்தச் சாக்கில் பார்த்துவிடலாம்.

தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் புதுப் பெட்டி வாங்கலாம்.

மரங்களுக்கு, மோட்டார் ஓடியதும் முதலில் காய்ப்பில் உள்ள மரங்களின் வட்டப்பாத்திகளுக்குப் பாய்ச்சி, சுற்றிலும் 6 அடிக்கு மட்டையோ ஓலையோ பரப்பி மூடாக்குப் போட வேண்டும். அடுத்த முறை பேனல் நின்றாலும் ஈரம் சில நாள் கூடுதலாகத் தாங்கும்.