ஊறப்போட்டால் விஷம் போகுமா?



வீட்டிலேயே ஜின் தயாரிக்கும் காணொளிகள் இப்போது கைபேசியில் நிறைய வருகின்றன. "ஐயா, இதில் காய்ச்சுவதே இல்லையே, அப்புறம் என்ன ஆபத்து?" என்று படித்த பிள்ளைகளே கேட்கிறார்கள். "குடிக்காதே" என்ற ஒற்றைச் சொல்லோடு நான் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுதானே வாத்தியார் வேலை!

காணொளியில் செய்வது இவ்வளவுதான். வோட்கா போன்ற வாசனையில்லாத மதுவில் ஜூனிப்பர் காய், கொத்தமல்லி விதை, ஏலக்காய், எலுமிச்சைத் தோல் போட்டு ஓரிரு நாள் ஊறவைத்து வடிகட்டுகிறார்கள். நம் வத்திராயிருப்புப் பக்கம் நன்னாரி வேரைத் தட்டி, நடுநரம்பை எடுத்துவிட்டு, தண்ணீரில் ஊறப்போட்டு சர்பத் செய்கிறோமே, அதே வேலைதான். வேரின் மணம் தண்ணீரில் இறங்குகிறது; காயின் மணம் மதுவில் இறங்குகிறது.

செய்தித்தாளில் "சாராய ஊறல் அழிப்பு" என்று வருமே, அது வேறு. அங்கே வெல்லமும் பட்டையும் புளித்து, புதிதாகச் சாராயம் உண்டாகிறது. அதைக் காய்ச்சி வடிக்கிறார்கள். காணொளியில் அந்த இரண்டுமே இல்லை.

அப்படியானால் ஆபத்தில்லையா? இங்கேதான் கவனிக்க வேண்டும். ஊறவைப்பது மணத்தைச் சேர்க்கும், எதையும் நீக்காது. பாட்டிலில் முன்பே என்ன இருந்ததோ அது அப்படியே இருக்கும். அதில் மெத்தனால் கலந்திருந்தால் ஏலக்காயும் எலுமிச்சையும் அதை முறிக்காது. காரநெடியை மறைத்து, இன்னொரு மடக்குக் குடிக்கத்தான் வைக்கும்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அப்போது ஆலைகளுக்கான ஆல்கஹாலில் ஜூனிப்பர் வாசனை சேர்த்து ஜின் என்று விற்றார்கள். அந்த ஆல்கஹாலை யாரும் குடிக்கக் கூடாதென்று அரசே அதில் மெத்தனால் கலக்க வைத்திருந்தது. வாசனையை நம்பிக் குடித்துப் பலர் மாண்டார்கள்.

அந்தக் கதை அங்கேயே முடியவில்லை. 2020 ஊரடங்கில் ஆந்திராவின் குறிச்சேடு என்ற ஊரில் கடை மூடியிருந்ததால் சானிடைசரைக் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

எத்தனாலும் மெத்தனாலும் பார்வைக்கு ஒன்றுதான், இரண்டும் நிறமற்றவை. உடலுக்குள் போனபின் மெத்தனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. எறும்பின் கொடுக்கில் இருப்பதாக நாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே அமிலம்தான்.

என் கருத்து இதுதான். முத்திரையிட்ட பாட்டிலில் ஏலக்காய் போடுகிறவரைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. "விலை அதிகம், மலிவாக ஸ்பிரிட் கிடைக்கிறது, வாசனை சேர்த்தால் தெரியாது" என்று அடுத்த படிக்குப் போகும் இருபது வயதுப் பையனை நினைத்தால்தான் பயம். காணொளி போடுகிறவர்கள் எத்தனை மணி நேரம் ஊறவேண்டும் என்று விளக்குகிறார்கள். ஊறப்போடும் பொருள் எங்கிருந்து வரவேண்டும் என்று ஒரு வரி சொல்வதில்லை. பள்ளியிலும் எத்தனால் பாடம் நடத்தும் அன்றே, கள்ளக்குறிச்சியின் பெயரைச் சொல்லி மெத்தனாலையும் நடத்த வேண்டும். ஒழுக்கப் பாடமாக வேண்டாம்; வேதியியலாகவே நடத்துங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.

கடைசியாக ஒன்று. குடித்த ஒருவர் பல மணி நேரம் கழித்து, மறுநாள்கூட, "கண் மங்குது, வயிறு வலிக்குது" என்றால், போதை தெளியட்டும் என்று படுக்க வைக்காதீர்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உயிர் முக்கியம்.

வீட்டில் இளைஞர்கள் இருக்கும் நண்பர்கள் இதைப் பகிருங்கள்.