ஒலியின் கடிவாளம் யார் கையில்?

இசையமைத்தல் என்பது நெடுங்காலமாகப் பல்லாண்டுப் பயிற்சியின் பயனாக இருந்து வந்தது. இன்றோ, கைப்பேசியில் நான்கு சொற்களைத் தட்டினால் போதும். குரலும் தாளமும் பக்கவாத்தியமும் சேர்ந்த முழுப்பாடல் ஒன்று சில நிமிடங்களில் கிடைத்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவு அளித்துள்ள இந்த எளிமையை நாம் குறை கூறப்போவதில்லை. பாட்டு எல்லோர்க்கும் உரியது. அதை உண்டாக்கும் இன்பமும் எல்லோர்க்கும் உரியதே. ஆயினும் ஒரு கேள்வி எழுகிறது. அவ்வாறு வந்த பாடலில் நாம் விரும்பிக் கேட்டது எவ்வளவு, இயந்திரம் தானாக இட்டு நிரப்பியது எவ்வளவு?

வங்கிப் பணியில் இருப்போர்க்கு இதை விளக்க ஓர் உவமை எளிதில் வாய்க்கிறது. தொகையை எழுதாமல் கையொப்பமிட்ட காசோலையை ஒருவரும் பிறரிடம் கொடுப்பதில்லை. கொடுத்தால், தொகையைத் தீர்மானிப்பவர் பெற்றவரே அன்றிக் கொடுத்தவர் அல்லர். சொற்களை மட்டும் கொடுத்துப் பாடலைக் கேட்பதும் ஏறக்குறைய இத்தகையதே. 'மகிழ்ச்சியான கிராமியப் பாடல்' என்னும் விவரிப்புக்குப் பொருந்தும் மெட்டுகள் ஆயிரமாயிரம். அவற்றுள் எது வரவேண்டும் என்பதை நாம் சொல்லவில்லை. எனவே இயந்திரமே தேர்ந்தெடுக்கிறது.

இதன் விளைவைத் தலைநகரில் வாழும் தமிழர்கள் சற்றுக் கூடுதலாகவே உணர்வார்கள். தில்லியின் மந்திர் மார்க் சாலையில் லட்சுமி நாராயணர் கோயிலும் வங்காளிகளின் காளி பாரியும் உள்ளன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் அதே சாலையில் இயங்குகிறது. 1923-இல் தோன்றிய அந்தக் கழகம் இன்று நகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. அங்கே பயிலும் பிள்ளைகளுள் பலர் வீட்டில் தமிழும் வீதியில் இந்தியும் கேட்டு வளர்பவர்கள். இப்பகுதியைச் சேர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்று, பொங்கல் விழாவில் பிள்ளைகள் ஆடுவதற்காகச் செயலி ஒன்றின் துணையுடன் பாடல் ஒன்றை உருவாக்கியது. நாகஸ்வரம் வேண்டும் என்று எழுதிய இடத்தில் ஷெனாய் போன்ற ஒலி வந்தது. 'உழவு' என்பது 'உலவு' என்று ஒலித்தது. எழுத்துப் பிழையைத் திருத்துமாறு கேட்டால், அந்த ஒரு சொல்லோடு குரலும் மெட்டும் சேர்ந்தே மாறிவிட்டன. ஓர் ஓட்டைத் திருப்பி வைக்கப் போய்க் கூரை முழுவதையும் மாற்றிய கதையாயிற்று.

இதற்குக் காரணம் இயந்திரத்தின் அறியாமை என்பதைவிட, அது கற்கும் முறை என்பதே பொருந்தும். ஏராளமான ஒலிப்பதிவுகளையும் அவற்றைப் பற்றிய சொல் விவரிப்புகளையும் இணைத்து அது பயில்கிறது. எவை மிகுதியாகப் பதிவாகியிருக்கின்றனவோ, எவை நன்கு விவரிக்கப்பட்டிருக்கின்றனவோ, அவற்றின் பக்கமே அது சாயும். நாம் சொல்லாமல் விட்ட இடங்களையெல்லாம் தான் மிகுதியாகக் கேட்டதைக் கொண்டு நிரப்பும். ஆகவே ஒலியின் மீது நமக்கு ஆளுகை வேண்டுமெனில், சொற்களைப் பெருக்குவதால் மட்டும் அது கைகூடாது. ஒலியைப் பற்றிய செய்தியை ஒலியாகவோ குறியீடாகவோ நாமே கொடுத்தாக வேண்டும்.

இந்தச் சிக்கல் நம் முன்னோர்க்கும் புதியதன்று. 1892-ஆம் ஆண்டில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய இசைக்குறியீட்டில் அச்சிட்டு வெளியிடத் தொடங்கினார். அக்குறியீடு எந்த ஸ்வரம் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு எப்படி அசைந்து செல்வது, எங்கே வழுக்குவது, எங்கே அழுத்துவது என்பதைக் காட்ட அது போதவில்லை. பின்னர், அவருடைய தூண்டுதலாலும் எட்டயபுரம் அரசரின் ஆதரவாலும் சுப்பராம தீட்சிதர் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்னும் பெருநூலை 1904-இல் வெளியிட்டார். ஸ்வரங்களோடு கமகங்களுக்கும் தனித்தனி அடையாளங்கள் அதில் இடம்பெற்றன. எழுதிக் காட்டாதது கைமாறும்போது தொலைந்துவிடும் என்பதை அப்பெரியோர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த உண்மை இன்றைய கருவிகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. மெட்டா நிறுவனம் 2023 ஜூன் மாதத்தில் வெளியிட்ட 'மியூசிக்ஜென்' என்னும் மாதிரி, சொற்களுடன் ஒரு மெட்டையும் ஏற்றுக்கொள்கிறது. நாம் முணுமுணுத்த மெட்டைக் கொடுத்தால், அதைத் தழுவி வேறு வாத்தியங்களில் இசைத்துத் தரும். இது முன்னேற்றமே. ஆனால் அது மெட்டைப் படிக்கும் வழியைக் கவனிக்க வேண்டும். ஒலியைப் பன்னிரண்டு ஸ்வரத்தானங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கணத்திலும் ஓங்கி நிற்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பியானோவுக்கு இது போதும். தோடியின் காந்தாரமோ ஓரிடத்தில் அசையாமல் நிற்பதன்று. அசைவே அதன் உயிர். பன்னிரண்டு பெட்டிகளுக்குள் அடைக்கும்போது அந்த அசைவு படிக்கட்டாகிவிடுகிறது. கொடுத்தது நம் மெட்டுத்தான். எனினும் அதன் உயிர் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

வேறொரு வழியும் உண்டு. கூகுளின் ஆய்வுக் குழுவினர் 2020-இல் வெளியிட்ட முறையொன்று, ஒலியின் உயரத்தையும் வலிமையையும் தொடர்ச்சியான கோடுகளாக அளந்துகொண்டு, ஒலியின் நிறத்தை மட்டும் மாற்றுகிறது. அதே ஆண்டு சுதந்திர தினத்தையொட்டி, நாம் பாடும் தேசிய கீதத்தைப் புல்லாங்குழலாகவோ ஷெனாயாகவோ சாரங்கியாகவோ மாற்றித் தரும் இணையச் செயலி ஒன்றையும் அந்நிறுவனம் வெளியிட்டது. இத்தகைய முறையில் பாடுபவரின் வளைவும் நெளிவும் பெருமளவு காக்கப்படும். முன்னதில் நாம் விண்ணப்பதாரர். பின்னதில் நாம் பாடகர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவுதான் நாம் பேசும் ஆளுகை.

தமிழ்த் திரையிசையில் இதன் இன்னொரு வடிவத்தை நாம் கேட்டிருக்கிறோம். 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாடலில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரஹ்மான் செயற்கை நுண்ணறிவின் துணையால் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதாகவும் உரிய ஊதியம் அளித்ததாகவும் அவர் அப்போது தெரிவித்தார். அதே ஆண்டு ஜனவரியில் மறைந்த பவதாரிணியின் குரல், 'தி கோட்' படத்துக்காக அவருடைய சகோதரர் யுவன் சங்கர் ராஜாவின் இசையில் மீண்டும் ஒலித்தது. குரல் மாற்றும் முறையில், பொதுவாக உயிருள்ள பாடகர் ஒருவர் முதலில் முழுமையாகப் பாடுகிறார். குரலின் நிறம் மட்டுமே பின்னர் மாற்றப்படுகிறது. உச்சரிப்பும் பாவமும் மனிதரிடமிருந்தே வருகின்றன.

ஆளுகை என்னும் சொல்லுக்கு இங்கே இரண்டாம் பொருளும் கிடைக்கிறது. தம் குரலின் மீது அதற்குரியவருக்கு இருக்கும் ஆளுகை அது. 2024 ஜூலையில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவருடைய குரலை இசைவின்றிச் செயற்கையாக உருவாக்கும் கருவிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. புகழ்பெற்றோர்க்கு மட்டும் உரிய கவலையன்று இது. செயலியில் நாம் பதிவேற்றும் நமது குரல், வங்கியில் கொடுத்துவைக்கும் மாதிரிக் கையொப்பத்துக்கு ஒப்பானது. அதை யார் வைத்திருக்கிறார்கள், எதற்குப் பயன்படுத்தலாம் என்னும் விதிமுறைகளைப் படிக்காமல் ஒப்புதல் அளிப்பது விவேகமன்று. உறவினர் குரலில் பேசிப் பணம் பறிக்கும் மோசடிகள் பெருகிவரும் காலம் இது. அவ்வாறு நேர்ந்தால் 1930 என்னும் எண்ணில் உடனே புகார் அளிக்கலாம்.

இசைக்கு மீள்வோம். புதிதாகப் பாடல் உருவாக்க விரும்பும் வாடிக்கையாளர்களுக்கு நாம் பரிந்துரைக்கும் வரிசை இதுதான். பாடல் வரிகளை நீங்களே எழுதுங்கள். மெட்டை முதலில் உங்கள் குரலிலேயே, சுருதிப்பெட்டியின் துணையுடன் பதிவு செய்யுங்கள். சுருதியையும் காலப்பிரமாணத்தையும் தொடக்கத்திலேயே முடிவு செய்யுங்கள். அதன்பின் இயந்திரத்திடம் முழுப்பாடலைக் கேட்காமல், தாளத்தைத் தனியாகவும் பின்னணியைத் தனியாகவும் கேளுங்கள். ஒவ்வொன்றையும் தனி ஒலித்தடமாக வைத்துக்கொண்டால், ஒன்றைத் திருத்தும்போது மற்றவை கலையா. ஏற்கெனவே கலந்துவிட்ட பதிவிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கவும் கருவிகள் வந்துள்ளன. பீட்டில்ஸ் குழுவின் 'நௌ அண்ட் தென்' பாடல் 2023 நவம்பரில் வெளிவந்ததே இவ்வகைப் பிரிப்பினால்தான். ஜான் லெனான் வீட்டில் கேசட்டில் பதிந்திருந்த குரலைப் பியானோ ஒலியிலிருந்து பிரித்தெடுத்தார்கள். புதிய குரல் எதையும் உண்டாக்கவில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. இத்தனையும் தெரிந்தவர்க்குச் செயலி எதற்கு, தெரியாதவர்க்காகத்தானே அது வந்தது என்று கேட்கலாம். பேரக்குழந்தையின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்துப்பாட்டு என்றால் இவ்வளவு முயற்சி தேவையில்லை. இயந்திரம் தருவதைக் கேட்டு மகிழலாம். ஆனால் ஊர்விட்டு ஊர் வந்த குடும்பம், நம் இசை இதுதான் என்று தன் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் இடத்தில், சராசரியை ஏற்றுக்கொள்வது இழப்பாகும். நாகஸ்வரத்தை ஒருமுறையேனும் அருகில் இருந்து கேளாத பிள்ளை, செயலி தரும் ஒலியையே நாகஸ்வரம் என்று நம்பி வளரும். வேறுபாட்டை அறியாதவரால் திருத்தம் கேட்க இயலாது. கருவியில் எத்தனை பொத்தான்கள் இருந்தாலும், பிழையைக் கண்டுகொள்ளும் காது இல்லையேல் அவற்றால் பயனில்லை.

நாகஸ்வரக் கலைஞரையே எடுத்துக்கொள்வோம். சீவாளியின் மீது உதட்டின் அழுத்தத்தையும் மூச்சின் வேகத்தையும் மாற்றியே ஸ்வரத்தின் நுண்ணிய உயர்வு தாழ்வுகளை அவர் ஆள்கிறார். ஒலியின் மீதான ஆளுகைக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை. அவரை ஒரு மணி நேரம் அழைத்து, உரிய ஊதியம் கொடுத்து, பிள்ளைகள் முன்னிலையில் வாசிக்கச் செய்து பதிவு செய்து பாருங்கள். அந்தப் பதிவை எந்தச் செயலியிலும் இட்டு, வேண்டிய பின்னணியைச் சேர்க்கலாம். கலைஞருக்கு வருவாய், பிள்ளைகளுக்குக் கல்வி, பாடலுக்கு உயிர் என ஒரே செலவில் மூன்று வரவுகள்.

எனவே, பிள்ளைகளுக்கு இசைச் செயலியின் ஆண்டுச் சந்தாவைக் கட்டும் பெற்றோர், அத்துடன் ஓர் இசை ஆசிரியரின் மாதக் கட்டணத்தையும் குடும்ப வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிக்கொள்ளட்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்னும் நிலை வந்தால், ஆசிரியருக்கே முதலில் கொடுக்க வேண்டும் என்பது நமது கருத்து. செயலியின் விலை ஆண்டுதோறும் குறையலாம். சுருதி அறிந்த காது கடைகளில் விற்பனைக்கு வருவதில்லை.